முருங்கைக் கீரையும் மூன்று வயதும்

பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் சட்டம் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நங்கநல்லூரில் என் வீட்டு ஹாலில் நான் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் எல்லாம் மூன்று மாதக் கைக்குழந்தைகள். 1961-ஆம் வருடத்து மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த விடுப்பு 12 வாரம். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் கொஞ்சம் போய்விடும். கழுத்து சரியாக நிற்காத பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வங்கிக்கும் டெலிபோன் ஆபீசுக்கும் போகிற பெண்கள் காலை எட்டரை மணிக்கு வாசலில் நிற்பார்கள். 2017-இல் விடுப்பு 26 வாரம் ஆனது. ஆறு மாதப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2016-இல் ஒன்பது மாதம், 2021-இல் ஒரு வருடம் என்று நீட்டிக்கொண்டே போக, அரசுப் பள்ளி டீச்சர்களின் பிள்ளைகள் நடந்தே உள்ளே வந்தார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் இது நல்லது. அதில் இரண்டு பேச்சில்லை. என் பாடுதான் கூடிப்போனது. மூன்று மாதப் பிள்ளைக்கு யார் கை என்ற கணக்குக் கிடையாது. வயிறு நிறைந்து, துணி ஈரமில்லாமல் இருந்தால், ஜன்னல் கம்பியையும் அதன் பின்னால் தெரியும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். கறுப்பும் வெளுப்பும் பக்கம்பக்கமாக இருந்தால் கண் அங்கே போய் நின்றுவிடும். எட்டு, ஒன்பது மாதத்தில் எல்லாம் மாறுகிறது. தெரிந்த முகம் வேறு, தெரியாத முகம் வேறு என்று பிரிக்கத் தெரிந்துவிடும். அம்மா கண்ணில் படவில்லை என்றால் அடிவயிற்றிலிருந்து அழுகை வரும். ஒன்றரை வயது வரைக்கும்கூட இது நீளும். ஆறு மாதத்தில் வருகிற பிள்ளைக்கு என் முகம் பழக இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. ஒரு வயதில் வருகிற பிள்ளைக்கு அந்த அவகாசமே இல்லை. உள்ளே வந்ததும் என்னைப் பார்க்கும், கதவைப் பார்க்கும், தொடங்கிவிடும்.

அந்த வயதுக்கு என்னிடம் இருக்கிற ஒரே மருந்து ஒரு துண்டு. என் முகத்தை மூடிக்கொண்டு, எடுத்து, சிரிப்பேன். எல்லாப் பாட்டிகளும் செய்கிற விளையாட்டுதான். ஆனால் அதைச் செய்கிற வேகத்தில் விஷயம் இருக்கிறது. முதலில் சட்டென்று எடுக்க வேண்டும். பிறகு ஒரு மூச்சு நேரம் கழித்து. பிறகு இரண்டு மூச்சு. மூடிய முகம் திரும்ப வரும் என்ற நம்பிக்கையை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். இரண்டாம் வாரம் துண்டோடு நானே கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். மூன்றாம் வாரம் அடுக்களைக்குப் போய்ப் பாலைப் பார்த்துவிட்டு வருவேன். அம்மா போனாலும் வருவாள் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாத வயசு அது. பழக்கித்தான் புரியவைக்க முடியும்.

இதைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்களே. பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் நழுவிப் போய்விடுவார்கள். அழுகையைப் பார்க்க மனசு தாங்கவில்லை என்பார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அதற்குப் பிறகு நாள் முழுக்க அது எந்தப் பொம்மையையும் குனிந்து பார்க்காது. குனிந்தால் இன்னும் யார் காணாமல் போவார்களோ! அதனால் என் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். டாட்டா காட்ட வேண்டும். ஒரே ஒரு முறை. செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து முத்தம் கொடுக்கக் கூடாது.

இனி பிள்ளைகளை எப்படி விளையாட வைப்பது என்பதற்கு வருகிறேன். எல்லாரும் என்னிடம் கேட்பது அதைத்தான்.

பெற்றவர்கள் பலருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது: காசு கொடுத்து விடுகிறோம், இந்த அம்மாள் நாள் முழுக்கப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே இருப்பார் என்று. அப்படி யாராலும் முடியாது. முடிகிற மாதிரி நடிக்கிற புதுப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கை தட்டுவார்கள், பாடுவார்கள், குரலை உயர்த்துவார்கள், பொம்மையை ஆட்டுவார்கள். பதினொரு மணிக்குள் இவர்களுக்குத் தொண்டை கட்டிவிடும். பிள்ளைக்கு அதற்குள் தானாக ஒன்றை எடுத்துப் பார்க்கும் பழக்கமே போய்விடும். அடுத்து என்ன காட்டப்போகிறாய் என்று உட்கார்ந்து பார்க்கும். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் வழி வேறு. எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது. அந்த வேலையில் ஒரு துண்டைப் பிள்ளையின் கையில் கொடுப்பேன்.

முருங்கைக் கீரையைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது கீரை வாங்கிவிடுவேன். எங்கள் சமையலுக்கு ஆகிறதோ இல்லையோ, பிள்ளைகளுக்கு ஆகும். தரையில் பழைய வேட்டியை விரித்து, நடுவில் கட்டைப் பிரித்துப் போட்டு, ஆளுக்கொரு தட்டு வைத்துவிட்டால் போதும். இரண்டரை, மூன்று வயதுப் பெண் ஒருத்தி உட்கார்கிறாள் என்று வையுங்கள். முதலில் ஒரு இலையைக் கிள்ளுவாள். கையிலே வைத்துப் பார்ப்பாள். தட்டில் வைப்பாள். மறுபடி ஒரு இலை. இப்படி ஒரு ஈர்க்குக்குப் பத்து நிமிடம். நான் எதிரே உட்கார்ந்து என் பாட்டுக்கு உருவிக்கொண்டிருப்பேன். நுனியை ஒரு கையில் பிடித்து, மறு கை விரல்களை அடிப்பக்கமாக இழுத்தால் எல்லா இலையும் மொத்தமாக உதிரும். சொல்லித்தர மாட்டேன். ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பாள். பிறகு தானும் பிடித்து இழுப்பாள். முதலில் ஈர்க்கு ஒடியும். இன்னொன்று ஒடியும். மூன்றாவதில் சரசரவென்று ஒரு கைப்பிடி இலை மடியில் கொட்டும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அன்றைக்கு வீட்டில் தப்பிப்பது எதுவும் இல்லை. கறிவேப்பிலையை உருவிப் பார்ப்பாள், வரும். கொத்தமல்லியை உருவுவாள், தண்டோடு வந்துவிடும். "பாட்டி, இது ஏன் வரல?" என்பாள். விலை உயர்ந்த பொம்மை எதுவும் ஒரு பிள்ளையை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு முறை ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க மாண்டிசோரி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவர்தான் சொன்னார்: மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாராம். போர் வந்து, இத்தாலிக்காரர் என்பதால் இங்கேயே தங்க நேர்ந்து, 1946-இல்தான் திரும்பினாராம். அடையாறு இங்கிருந்து கூப்பிடு தூரம். இருந்தாலும் நான் படித்தது அங்கே இல்லை, சாத்தூரில்.

என் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. என் அம்மாவும் சித்திமாரும் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். தனியாக விளையாட்டுக் காட்ட யாருக்கு நேரம்? கோணலாகப் போன பெட்டிகளைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவார்கள். நாங்கள் அதில் ரயில் விடுவோம், வீடு கட்டுவோம், பெட்டிக்குள் பொன்வண்டை அடைப்போம். மேல்மூடியைத் தள்ளினால் உள்பெட்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதைத் தள்ளினால் அது இந்தப் பக்கம். இதிலேயே ஒரு காலைப் பொழுது போகும்.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அதே ஊரில் என் வயதுப் பெண் பிள்ளைகள் விடியுமுன்னே பேருந்தில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். குச்சி அடுக்கினார்கள். விரல் நுனி கன்றிப்போய் இருட்டிய பிறகு வந்தார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். வந்த பிறகும் அது ஒரே நாளில் நிற்கவில்லை. ஆகையால், "பிள்ளைக்கு வேலை கொடுங்கள், அதுவே விளையாட்டு" என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வேலைக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் பொருளில் இல்லை. இரண்டிலும் அதே குச்சி, அதே பெட்டிதான். பாதியில் போட்டுவிட்டு எழுந்து போகலாமா, கூடாதா என்பதில்தான் வித்தியாசம். என் வீட்டில் கீரையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிற பிள்ளையை நான் கூப்பிட மாட்டேன். "முடிச்சிட்டுப் போ" என்று சொன்னேன் என்றால் அந்த நிமிடத்தோடு அது விளையாட்டு இல்லை.

கீரை ஒன்றுதான் என்றில்லை. சப்பாத்தி மாவு ஒரு உருண்டை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து. துணி காயப்போடுகிற கிளிப்புகள். ஒன்றரை வயதில் விரலுக்கு அதை அமுக்கப் பலம் இருக்காது, இரண்டில் வந்துவிடும், வந்த நாளில் என் புடவைத் தலைப்பு முழுக்கக் கிளிப்பாக இருக்கும். எவர்சில்வர் டம்ளரும் டவராவும், மொட்டை மாடியில் கொஞ்சம் தண்ணீரும். ஊற்றி, மாற்றி, சிந்தி, மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரம் போகும். தண்ணீர் விளையாட்டில் மட்டும் நான் எழுந்து போகவே மாட்டேன். தவழ்கிற பிள்ளை தலைகீழாக விழ ஒரு வாளியில் கால்வாசித் தண்ணீர் இருந்தாலே போதும். எங்கள் குளியலறையில் வாளி எப்போதும் கவிழ்ந்துதான் இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மொச்சையையும் பட்டாணியையும் உரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே எந்தக் கொட்டையும் மூக்குக்குள் போகும். நிலக்கடலையை முழுசாகக் கொடுக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும். வெடித்த பலூன் துண்டு தரையில் கிடந்தால் முதலில் அதைப் பொறுக்க வேண்டும். பாட்டுப் பாடுகிற பொம்மைகளில் இருக்கிற பட்டன் பேட்டரிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். அந்த மாதிரிப் பொம்மை பையோடு வந்தால் பையோடு திரும்பிப் போகும். அதற்கு அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான் எவ்வளவோ மேல், துண்டு துண்டாகச் சின்னதாக இல்லாவிட்டால்.

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒன்றாக விட்டால் சேர்ந்து விளையாடுவார்கள் என்று பெரியவர்கள் எதிர்பார்க்கிறார்கள். விளையாட மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை அவரவர் ஆடுவார்கள். மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1932-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்று உளவியல் படித்த ஒரு அம்மா சொல்லக் கேட்டேன். ஆகவே "ஷேர் பண்ணு" என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் கெஞ்சுவதில் பயனில்லை. எதை வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டும். நிறம்கூட மாறக் கூடாது. சிவப்பு டம்ளர் ஒன்று, நீல டம்ளர் ஒன்று வாங்கினீர்கள் என்றால், நீலத்துக்காக ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்கும்.

பெரிய பிள்ளைகள் வேறு ரகம். பள்ளி விட்டு மூன்றரை, நான்குக்கு வருகிறவர்கள். ஆறிலிருந்து பத்து வயசு. பசியோடு வருவார்கள், முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்றது. இவர்களுக்கு நான் கொடுப்பது தோற்கிற வாய்ப்பு. பல்லாங்குழி, தாயம், கேரம், துண்டுச் சீட்டில் ராஜா ராணி திருடன் போலீஸ். பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று வைத்து ஆடும்போது, கணக்கு வராத பையன்கூட நான்காம் நாள் எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவான். நான் விட்டுக்கொடுத்து ஆட மாட்டேன். விட்டுக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஜெயித்துவிட்டுப் போவார்கள், ஆனால் மறுநாள் ஆட வரமாட்டார்கள். என்னை நிஜமாகத் தோற்கடித்த பையன் அம்மா வந்த பிறகும் கிளம்ப மாட்டான்.

கதை சொல்வது தனித் திறமை என்கிறார்கள். எனக்கு நான்கைந்து கதைதான் தெரியும். பிள்ளைகளுக்குப் புதுக் கதை வேண்டியதில்லை. வடை திருடிய காக்காவை நூறாவது தடவை சொல்கையில், வேண்டுமென்றே காக்கா முறுக்கைத் தூக்கியது என்பேன். "முறுக்கு இல்ல பாட்டி, வடை!" என்று நான்கு வாய் ஒன்றாகக் கத்தும். அவ்வளவுதான், கதையை இனி அவர்கள் சொல்வார்கள், நான் கீரையைப் பார்க்கலாம். பேச்சு வராத பிள்ளைக்கு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருப்பேன். சில சமயம் அந்த இடைவெளியில்தான் முதல் சொல்லே வந்து விழும்.

செல்போன் வந்த பிறகு இரண்டு தொல்லை. ஒன்றை எல்லாரும் பேசுகிறார்கள். போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வயதுக்குக் கீழே திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிற சூச்சூ டிவி 2013-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது என்று தெரிந்தபோது எனக்கு ஊர்ப் பெருமை எட்டிப் பார்த்தது உண்மை. ஆனாலும் என் வீட்டு ஹாலில் அது கிடையாது. பாடுகிற திரை முன்னால் பிள்ளை வாயைத் திறக்கும், சோறு போகும், என்ன சாப்பிட்டது என்று அதற்கே தெரியாது.

இன்னொரு தொல்லையை யாரும் பேசுவதில்லை. மணிக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். பிள்ளை கிளிப்பை அமுக்க முயன்றுகொண்டிருக்கிறது, நாக்கு வெளியே வந்திருக்கிறது, முகம் முழுக்க அதிலேயே இருக்கிறது. அழகுதான். நான் போனைத் தூக்கினேன் என்றால் அந்த நொடியே கிளிப் கீழே விழும், பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கும், "எனக்குக் காட்டு" என்று ஓடிவரும். அரைமணி நேரத்து விளையாட்டு போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு சிரித்த முகம் கிடைத்தது. மத்தியானம் தூங்கும்போது ஒரு படம் அனுப்புகிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். இதனால் இரண்டொரு குடும்பம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனதும் உண்டு. போகட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேலை நின்றது. சில அம்மாக்கள், தாங்கள் மீட்டிங்கில் இருக்கும் நேரம் வீடியோ காலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. "உங்க வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரியுது, நான் கண்டுபிடிக்கிறேன்" என்று ஆடினோம். இரண்டு வயதுப் பிள்ளை போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, நான் அங்கே இல்லை என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டது.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது முழுக்கக் கைகொடுத்தது 2015 டிசம்பர் 1-ஆம் தேதி. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான நாள். மத்தியானமே கரண்ட் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் போனும் செத்தது. அடையாற்றில் வெள்ளம் ஏறிச் சைதாப்பேட்டைப் பாலத்தை மூடிவிட்டார்கள், வேளச்சேரி பக்கம் தண்ணீர் என்று மாடி வீட்டுக்காரர் வந்து சொன்னார். என்னிடம் நான்கு பிள்ளைகள். இரண்டு வயதில் ஒன்று, நான்கில் இரண்டு, எட்டு வயதில் ஒரு பையன். சிறுசேரியிலும் கிண்டியிலும் இருக்கிற பெற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மெழுகுவத்தி வைத்துச் சுவரில் மான், நாய், முயல் காட்டினேன். பெரியவர்களுக்குப் பிடித்தது. இரண்டு வயதுப் பிள்ளை தன் தலையின் நிழல் கூரைவரை வளர்ந்ததைப் பார்த்து வீல் என்று அழுதது. நிழலை நிறுத்திவிட்டேன். அப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடாமல் மேல் தொட்டி காலி. வெளியே ஊரே தண்ணீர், உள்ளே கை கழுவத் தண்ணீர் இல்லை. "வாங்கடா, மழையைப் பிடிக்கணும்" என்றேன்.

சன்ஷேடிலிருந்து பால்கனியில் கொட்டுகிற தண்ணீருக்கு அண்டா, குண்டான், பித்தளைக் குடம், பிளாஸ்டிக் வாளி என்று இருப்பதையெல்லாம் வைத்தோம். எட்டு வயதுப் பையன்தான் கண்டுபிடித்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம். குண்டானில் டங்கென்று விழுவது நிரம்ப நிரம்பக் கம்மிப்போகும். எது முதலில் நிரம்பும் என்று பந்தயம். நிரம்பியதை நான் தூக்கி உள்ளே ஊற்ற, அவர்கள் இடத்தை மாற்றி வைத்தார்கள். இரண்டு வயதுக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்தேன்: என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, நிரம்பியதும் "போதும்" என்று சொல்ல வேண்டும். காலியாக இருக்கும்போதும் சொன்னது. இரவு ஒன்பது வரை யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. அவர்களுக்கு நேரம் போகட்டும் என்று செய்திருந்தால் இது நடந்திருக்காது. தண்ணீர் நிஜமாகவே வேண்டியிருந்தது, அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த ஒரு அப்பாவிடம் நான்கு வயதுப் பிள்ளை முதலில் காட்டியது அண்டாவை.

சாதாரண நாட்களில் எனக்கு மிகவும் கஷ்டமான நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. பிள்ளைக்குக் களைப்பு, எனக்கும் களைப்பு, லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் புது விளையாட்டு எதையும் எடுக்கக் கூடாது. முகம், கை, கால் கழுவி, துணி மாற்றி, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மீனம்பாக்கத்தில் ஏறுகிற, இறங்குகிற விமானம் தெரியும். பழவந்தாங்கல் பக்கமிருந்து மின்சார ரயில் ஹார்ன் கேட்கும். "அம்மா இப்ப வந்துருவாங்க" என்று நான் சொல்வதே இல்லை. பிள்ளைக்கு இப்போது என்றால் இப்போதுதான். அதற்குப் பதிலாக, "இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளிட்டுப் போவார், அப்புறம் கீழ்வீட்டு மாமி விளக்கு ஏத்துவாங்க, அப்புறம் நாம பால் குடிப்போம், அப்புறம் உங்கம்மா" என்பேன். மூன்று வயதுப் பிள்ளை அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். கடிகாரம் தெரியாத ஆளுக்குத் தெருவே நேரம் சொல்லும். அம்மா தாமதமானால் வரிசையில் இன்னும் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அதே 2017 சட்டத் திருத்தம் சொன்னது. சில கம்பெனிகளில் நன்றாகவே வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. இருந்தும் என்னிடம் வருகிறார்களே என்று கேட்டால், ஓஎம்ஆர் வரைக்கும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, அந்த வெயிலிலும் நெரிசலிலும் கைக்குழந்தையை எப்படித் தினமும் தூக்கிப் போவது என்பார்கள். அதுவும் சரிதான்.

வருகிற திங்கட்கிழமை ஒரு பிள்ளை புதிதாக வருகிறது. பதினொரு மாதம். எனக்கு இருப்பதிலேயே கடினமான வயசு. அம்மா போன வாரம் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "விளையாட்டுச் சாமான் என்னென்ன வாங்கணும் ஆன்ட்டி? லிஸ்ட் கொடுத்தா ஆன்லைன்ல போட்டுடுவேன்" என்றார். சாமான் வேண்டாம்மா, நீ ஒரு வாரம் தினமும் இரண்டு மணி நேரம் இங்கே வந்து உட்காரு, பிள்ளை உன் மடியிலிருந்து இறங்கி என் அடுக்களையைப் பார்க்கட்டும் என்றேன். லீவு இல்லை என்றார். அப்படியானால் பிள்ளையின் பாட்டியை அனுப்பு என்றேன். பாட்டிக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாதாம். நாற்காலி போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாற்றுத் துணி மூன்று செட், பால் பாட்டிலுக்குப் பதில் டம்ளர், வீட்டில் கட்டிப் பழகிய, துவைக்காத புடவை ஒன்று. மாதச் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆனால் முன்கூட்டியே போன் பண்ண வேண்டும்.